இயந்திரப் படகின் வேகம்

இயந்திரப் படகின் வேகம் என்பது, இயந்திரத்தால் உந்தப்படும் படகொன்று நீர்ப்பரப்பில் குறித்த நேரத்தில் கடக்கும் தொலைவாகும். ஏரிகளிலும் ஆறுகளிலும் கரையோரக் கடலிலும் பொழுதுபோக்குக்காக ஓட்டப்படும் சிறு படகுகளில் இவ்வேகம் பல காரணிகளைப் பொறுத்து அமைகின்றது. இயந்திரத்தின் திறன், படகின் மொத்த எடை, நீரில் தோயும் அடிப்பகுதியின் வடிவமும் வழவழப்பும், சுழல்விசிறியின் அளவு, இயந்திரம் பொருத்தப்பட்டுள்ள உயரமும் சாய்வும் என்பன அவற்றுள் முதன்மையானவை.

படகின் வேகத்தைக் கூட்ட விரும்புவோர் பெரும்பாலும் முதலில் எண்ணுவது, இன்னும் பெரிய இயந்திரத்தைப் பொருத்துவதையே. ஆனால் ஒரு படகு எட்டக்கூடிய வேகத்தை எட்டாமல் இருப்பதற்குப் பெரும்பாலும் காரணமாக அமைவது திறன் குறைவு அன்று. இருக்கும் திறன் வீணாவதே. வீணாவதைத் தடுப்பதற்குச் செலவு குறைவு, ஆபத்தும் குறைவு. இயந்திரத்தைப் பெரிதாக்குவதற்குச் செலவு மிகுதி. படகின் அமைப்பு தாங்கும் எல்லையை மீறினால் அது உயிருக்கும் ஊறு விளைவிக்கும்.

பொழுதுபோக்குப் படகுகளின் இயந்திரங்கள்

பொழுதுபோக்குப் படகுகளில் இருவகை இயந்திரங்கள் பரவலாக உள்ளன. படகின் உள்ளே நிலையாகப் பொருத்தப்படுவது உள்ளிணைப்பு இயந்திரம். படகின் பின்பலகையில் வெளிப்புறமாகத் தொங்கவிடப்படுவது வெளியிணைப்பு இயந்திரம். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட் என்பவர் 1909ஆம் ஆண்டில் மில்வாக்கி நகரில் விற்பனைக்குக் கொண்டுவந்த வெளியிணைப்பு இயந்திரம் 1.5 குதிரைத்திறன் கொண்டதாகும். இவ்வகை இயந்திரங்கள் வணிக வெற்றி பெறுவதற்கு அவருடைய இயந்திரம் வழிகோலியது. இன்று ஒரே இயந்திரத்தில் பல நூறு குதிரைத்திறன் கொண்டவையும் கிடைக்கின்றன. கண்ணாடியிழையால் ஆன ஐந்து அல்லது ஆறு மீட்டர் நீளப் படகும் அதன் பின்பலகையில் ஒரு வெளியிணைப்பு இயந்திரமும் கொண்ட அமைப்பு வட அமெரிக்க ஏரிகளில் மிகவும் பரவலானது. இக்கட்டுரையில் தரப்படும் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் இத்தகைய படகுகளுக்கே பொருந்தும்.

நீரின் தடை

நீரின் அடர்த்தி காற்றின் அடர்த்தியைப் போல ஏறத்தாழ 800 மடங்காகும். எனவே நீரில் செல்லும் படகு எதிர்கொள்ளும் தடை, நிலத்தில் செல்லும் வண்டி எதிர்கொள்ளும் காற்றுத் தடையினும் மிகப் பெரியது. இத்தடையில் இரு முதன்மைக் கூறுகள் உள்ளன.

1. உராய்வுத் தடை: நீர் படகின் அடிப்பகுதியில் உரசிச் செல்வதால் உண்டாவது. நனைந்த பரப்பின் அளவும் அதன் சொரசொரப்பும் கூடும்போது இது கூடுகின்றது.
2. அலைத் தடை: படகு நீரை விலக்கிச் செல்லும்போது அலைகள் எழுகின்றன. இவ்வலைகளை எழுப்பச் செலவாகும் ஆற்றல் இயந்திரத்திலிருந்தே பெறப்படுகின்றது.

தடையை இவ்வாறு பிரித்து ஆராயும் முறையை நிறுவியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த பொறியாளர் வில்லியம் புரூட் (1810 - 1879) ஆவார். டார்க்கி நகரில் 1872இல் இயங்கத் தொடங்கிய நீண்ட நீர்த்தொட்டியில், கப்பல்களின் சிறு மாதிரிகளை இழுத்து அவை எதிர்கொள்ளும் தடையை அவர் அளந்தார். வெவ்வேறு அளவுள்ள உருக்களின் அலைத் தடையை ஒப்பிட உதவும் எண், அவர் பெயரால் புரூட் எண் என்று அழைக்கப்படுகின்றது.

ஆழமான நீரில் ஓர் அலையின் வேகம் அதன் நீளத்தைப் பொறுத்தது. நீண்ட அலை விரைந்து செல்லும். படகு எழுப்பும் அலை படகுடனேயே செல்வதால், படகின் வேகம் கூடக்கூட அவ்வலையின் நீளமும் கூடுகின்றது. ஒரு கட்டத்தில் அலையின் நீளம் படகின் நீர்மட்ட நீளத்துக்குச் சமமாகிறது. அப்போது படகின் முன்பகுதியாகிய அணியம் ஓர் அலைமுகட்டிலும் பின்பகுதி அடுத்த முகட்டின் அருகிலும் இருக்கும். இதற்குமேல் வேகம் கூடினால் பின்பகுதி அலைக்குழிக்குள் இறங்கிவிடும். படகு தான் எழுப்பிய அலையின் மேல் தானே ஏற முயல்வது போன்ற நிலை உண்டாகும். இயந்திரத்தின் முழக்கம் பெருகும். வேகமோ சிறிதளவே கூடும்.

இவ்வெல்லை வேகத்தை ஓர் எளிய வாய்பாட்டால் மதிப்பிடலாம். நீர்மட்ட நீளத்தை மீட்டரில் எடுத்து, அதன் இருபடி மூலத்தை 1.25ஆல் பெருக்கினால் நொடிக்கு இத்தனை மீட்டர் என வேகம் கிடைக்கும். 6 மீட்டர் நீளமுள்ள படகுக்கு இது நொடிக்கு 3.06 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 11 கிமீ ஆகும். நீரை விலக்கிக்கொண்டே செல்லும் கனமான படகுகளுக்கு இதுவே நடைமுறை எல்லை. அவற்றில் பெரிய இயந்திரத்தைப் பொருத்துவதால் கிடைக்கும் பயன், பெரிய அலையும் கூடுதல் எரிபொருள் செலவும் மட்டுமே.

சறுக்கு நிலை

மேற்கூறிய எல்லையைக் கடப்பதற்கு வழி, படகு நீரை விலக்கிச் செல்வதை விடுத்து நீரின் மேல் சறுக்கிச் செல்வதாகும். தட்டையான கல்லை நீர்ப்பரப்பில் சாய்வாக எறிந்தால் அது மூழ்காமல் தத்திச் செல்வதற்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே. சாய்வான அடிப்பகுதி நீரைக் கீழ்நோக்கித் தள்ளுகின்றது. நீர் படகை மேல்நோக்கித் தள்ளுகின்றது. வேகம் போதிய அளவு கூடியதும் படகின் எடையின் பெரும்பகுதியை மிதப்பு விசைக்கு மாறாக இந்தத் தூக்குவிசையே தாங்குகின்றது. படகு மேலெழுவதால் நனைந்த பரப்பு குறைகின்றது, அலைத் தடையும் தணிகின்றது.

நீர்ப்பெயர்ச்சி நிலையிலிருந்து சறுக்கு நிலைக்கு மாறும் இடைக்கட்டத்தில் தடை மிகுதியாக இருக்கும். அணியம் உயர்ந்து, ஓட்டுநரின் பார்வையை மறைக்கும் அளவுக்குக்கூடச் சென்று, பின்னர் தாழும். இந்த மேட்டைத் தாண்டப் போதிய உந்துவிசை இல்லாத படகு, திறனைச் செலவிட்டும் வேகம் பெறாமல் இடைநிலையிலேயே தங்கிவிடும். அளவுக்கு மிஞ்சிய பாரம் ஏற்றிய படகுகளில் இதனைக் காணலாம்.

சறுக்குப் படகுகளின் அடிப்பகுதி பின்புறத்தில் எந்த அளவுக்கு V வடிவில் சரிந்துள்ளது என்பதும் வேகத்தைப் பாதிக்கின்றது. தட்டையான அடிப்பகுதி எளிதில் மேலெழும். அமைதியான நீரில் குறைந்த திறனிலேயே விரைந்து செல்லும். ஆனால் அலைகளில் கடுமையாக மோதும். ஆழ்ந்த V வடிவம் அலையைப் பிளந்து மென்மையாகச் செல்லும். ஆனால் அதே வேகத்துக்குக் கூடுதல் திறன் தேவைப்படும். அமெரிக்க வடிவமைப்பாளர் ரே ஹன்ட் உருவாக்கிய ஆழ்ந்த V வடிவப் படகான 'மோப்பி' 1960ஆம் ஆண்டில் மயாமி - நசாவு படகுப் போட்டியில் கொந்தளிப்பான கடலில் வென்றபின் இவ்வடிவம் பரவலாயிற்று. அமைதியான ஏரியில் விரைந்தோடும் படகு அலையுள்ள நீரில் மெதுவாகச் செல்ல நேர்வதும், அதன் மறுதலையும் இதனாலேயே. ஆகவே வேகம் என்பது படகுக்கு மட்டும் உரிய பண்பு அன்று. அது ஓடும் நீரையும் பொறுத்தது.

திறன், எடை, வேகம் ஆகியவற்றின் தொடர்பு

சறுக்குப் படகின் வேகத்தை மதிப்பிட, அமெரிக்கப் படகு வடிவமைப்பாளர் ஜார்ஜ் குரோச்சின் வாய்பாடு பயன்படுத்தப்படுகின்றது. 1924, 1925 ஆகிய இரு ஆண்டுகளிலும் கோல்டு கப் போட்டியில் வென்ற 'பேபி பூட்லெக்கர்' படகை வடிவமைத்தவரும் இவரே. எடையைத் திறனால் வகுத்து, ஈவின் இருபடி மூலத்தைக் கண்டு, அதனால் ஒரு மாறிலியை வகுத்தால் வேகம் கிடைக்கும் என்பது இவ்வாய்பாட்டின் சாரம். எடையைப் பவுண்டிலும் திறனைக் குதிரைத்திறனிலும் கொண்டால் வேகம் மணிக்கு மைலில் கிடைக்கும். மாறிலியின் மதிப்பு படகின் வடிவத்தைப் பொறுத்தது. பொதுவான பொழுதுபோக்குப் படகுகளுக்கு ஏறத்தாழ 150 முதல் 190 வரை கொள்ளப்படுகின்றது.

இதன்படி வேகம், திறனின் இருபடி மூலத்துக்கு நேர்விகிதத்தில் அமைகின்றது. எனவே வேகத்தை இரு மடங்காக்கத் திறனை நான்கு மடங்காக்க வேண்டும். ஆட்கள், எரிபொருள், இயந்திரம் அனைத்தும் சேர்த்து 1000 கிலோகிராம் எடையும் 100 குதிரைத்திறனும் கொண்ட ஒரு படகை எடுத்துக்கொள்வோம். மாறிலியை 180 எனக் கொண்டால்:

* இப்போதுள்ள நிலையில் வேகம் மணிக்கு ஏறத்தாழ 62 கிமீ.
* எடையை 900 கிலோகிராமாகக் குறைத்தால் ஏறத்தாழ 65 கிமீ.
* 150 குதிரைத்திறன் இயந்திரத்தைப் பொருத்தி, அதனால் எடை 50 கிலோகிராம் கூடினால் ஏறத்தாழ 74 கிமீ.

திறன் 50 விழுக்காடு கூடியும் வேகம் 20 விழுக்காட்டுக்கும் குறைவாகவே கூடியுள்ளது. முழுவிசையில் ஓடும் 100 குதிரைத்திறன் பெட்ரோல் இயந்திரம் மணிக்கு ஏறத்தாழ 35 முதல் 40 லிட்டர் வரை எரிபொருளை உட்கொள்ளும். 150 குதிரைத்திறனில் இச்செலவு அதைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். இக்கணக்கு தோராயமானதே ஆயினும், எதில் எவ்வளவு பயன் கிடைக்கும் என்பதைத் தெளிவாகக் காட்டுகின்றது.

எடையைக் குறைத்தலும் பகிர்தலும்

மேலே கண்ட 100 கிலோகிராம் எடைக்குறைப்பு அரிய செயல் அன்று. ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோகிராம். படகின் அடிப்பள்ளத்தில் கண்ணுக்குத் தெரியாமல் தேங்கும் நீர் எளிதில் பல பத்துக் கிலோகிராமாகிவிடும். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை ஏறத்தாழ 0.74 கிலோகிராம், 100 லிட்டர் கொள்ளும் தொட்டியைத் தேவையின்றி நிரப்பினால் 74 கிலோகிராம் சேரும். பழைய கண்ணாடியிழைப் படகுகளில் தளத்துக்குக் கீழ் நிரப்பப்பட்டுள்ள மிதவை நுரை, ஆண்டுக்கணக்கில் நீரை உறிஞ்சிக் கனமாகிவிடுவது உண்டு. ஆண்டுதோறும் காரணமின்றி வேகம் குறைந்துவரும் படகில் ஆராய வேண்டியவற்றுள் இதுவும் ஒன்று. எடையைக் குறைப்பதற்காக உயிர்காப்பு மேலங்கி, நங்கூரம், தீயணைப்பான், துடுப்பு ஆகியவற்றைக் கரையில் விட்டுச் செல்வது பெருந்தவறாகும்.

எடை எங்கே உள்ளது என்பதும் முக்கியமானது. பாரம் அணியத்தில் மிகுந்தால் முன்பகுதி நீரில் அழுந்தி நனைந்த பரப்பு கூடும், திசைதிருப்புவதும் கடினமாகும். பாரம் பின்னால் மிகுந்தால் படகு சறுக்கு நிலைக்கு ஏறத் தாமதமாகும்; ஏறியபின் அணியம் ஏறியிறங்கித் துள்ளத் தொடங்கும். ஒருபக்கப் பாரம் படகைச் சாய்க்கும்.

அடிப்பகுதியின் தூய்மை

நீரிலேயே கட்டிவைக்கப்படும் படகின் அடியில் சில வாரங்களிலேயே பாசி படரும். கடல்நீரில் கொட்டலசு முதலிய ஓடுடைய உயிரினங்களும் ஒட்டி வளரும். இவை உண்டாக்கும் சொரசொரப்பு உராய்வுத் தடையைப் பெரிதும் கூட்டுகின்றது. படகை நீரிலிருந்து எடுத்துக் கழுவித் துடைப்பது, செலவே இல்லாமல் வேகத்தை மீட்கும் முதல் வழியாகும். நெடுநாள் நீரில் கிடக்கும் படகுகளுக்கு உயிரி ஒட்டாத வண்ணப்பூச்சு பூசப்படுகின்றது. சுழல்விசிறியிலும் இயந்திரத்தின் நீரடிப் பகுதியிலும் ஒட்டியவற்றையும் நீக்குதல் வேண்டும்.

வடிவக் குறைகளும் உண்டு. இழுவண்டியின் மேல் பொருந்தாத தாங்கிகளில் நெடுங்காலம் வைக்கப்பட்ட கண்ணாடியிழைப் படகின் அடிப்பகுதி, பின்பலகைக்கு அருகில் சற்றே உட்குழிந்துவிடும். இக்குழிவு ஓட்டத்தின்போது பின்பகுதியைத் தூக்கி அணியத்தை அழுத்துவதால் வேகம் குறைகின்றது. மாறாக, அப்பகுதி வெளிப்புறம் புடைத்திருந்தால் அணியம் துள்ளும். நீளமான நேர்விளிம்புள்ள சட்டம் ஒன்றை அடிப்பகுதியில் நீளவாக்கில் வைத்துப் பார்த்தால் இக்குறை தெரிந்துவிடும். வேகத்தை அளக்கும் உணரி போன்ற சிறு பொருள்கள் சுழல்விசிறிக்கு நேர்முன்னே பொருத்தப்பட்டிருந்தால், அவை நீரோட்டத்தைக் குலைத்து விசிறிக்குக் காற்றுக்குமிழிகளை அனுப்பும்.

சுழல்விசிறி

இயந்திரத்தின் திறனை உந்துவிசையாக மாற்றுவது புரொப்பெல்லர் என்று வழங்கும் சுழல்விசிறியாகும். இதன் மீது இரு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதலாவது விட்டம், இரண்டாவது புரியிடைத் தொலைவு. மரத்தில் இறங்கும் திருகாணியைப் போல, நழுவாத ஓர் ஊடகத்தில் சுழன்றால் ஒரு சுற்றில் விசிறி முன்னேறும் தொலைவே புரியிடைத் தொலைவாகும். '14 × 17' என்றால் விட்டம் 14 அங்குலம், புரியிடைத் தொலைவு 17 அங்குலம் என்பது பொருள்.

இயந்திரம் நிமிடத்துக்கு 5600 சுற்றுகளும், பற்சக்கர விகிதம் 2க்கு 1 என்றும் கொள்வோம். விசிறி நிமிடத்துக்கு 2800 முறை சுழலும். புரியிடைத் தொலைவு 17 அங்குலமாயின், கோட்பாட்டளவிலான வேகம் மணிக்கு 72.5 கிமீ ஆகும். நீர் நழுவக்கூடியது ஆதலால் உண்மை வேகம் இதனினும் குறைவாகவே இருக்கும். இக்குறைபாடு நழுவல் எனப்படும். நழுவல் 12 விழுக்காடு என்றால் உண்மை வேகம் ஏறத்தாழ 64 கிமீ. விரைந்து செல்லும் பொழுதுபோக்குப் படகில் இந்த அளவு நழுவல் இயல்பானது. நழுவல் 20 அல்லது 25 விழுக்காடாக இருப்பின், சேதமடைந்த இதழ், தவறான இயந்திர உயரம், மிகுந்த பாரம், அழுக்கேறிய அடிப்பகுதி ஆகியவற்றுள் ஒன்றைத் தேடவேண்டும்.

ஒவ்வோர் இயந்திரத்துக்கும் முழுவிசையில் ஓடவேண்டிய சுழற்சி எல்லையை உற்பத்தியாளர் குறிப்பிடுவர். எடுத்துக்காட்டாக, நிமிடத்துக்கு 5000 முதல் 6000 சுற்றுகள் வரை. வழக்கமான பாரத்துடன் முழுவிசையில் ஓட்டிச் சுழற்சிமானியைப் பார்த்தால் விசிறி பொருத்தமானதா என்பது புலனாகும்.

* சுழற்சி எல்லையை எட்டவில்லை எனில் புரியிடைத் தொலைவு மிகுதி. இயந்திரம் தன் முழுத்திறனைத் தர இயலாமல் திணறுகின்றது. குறைந்த புரியிடைத் தொலைவுள்ள விசிறி தேவை.
* சுழற்சி எல்லையைத் தாண்டினால் புரியிடைத் தொலைவு குறைவு. இயந்திரம் அளவுமீறிச் சுழன்று பழுதடையும். கூடுதல் புரியிடைத் தொலைவுள்ள விசிறி தேவை.

புரியிடைத் தொலைவில் ஓர் அங்குல மாற்றம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 150 முதல் 200 சுற்றுகள் வரை மாற்றத்தை உண்டாக்கும். புரியிடைத் தொலைவு கூடினால் வேகம் கூடும் என்று எண்ணிப் பெரிய எண்ணுள்ள விசிறியை வாங்குவது பரவலான பிழையாகும். இயந்திரத்தால் அதனைச் சுழற்ற இயலாவிடில் வேகம் குறையும். நெடுநாள் திணறி ஓடும் இயந்திரம் மிகைச்சூட்டினால் பழுதடையவும் கூடும்.

விசிறியின் ஆக்கப்பொருளும் கருதத்தக்கது. அலுமினிய விசிறி மலிவானது; ஆனால் இதழ்கள் தடித்தவை, விசை மிகும்போது சற்று வளைபவை. துருவேறா எஃகு விசிறியின் இதழ்களை மெல்லியதாகவும் விறைப்பாகவும் செய்யலாம்; அதனால் திறனிழப்பு குறையும். உச்ச வேகத்துக்குப் பொதுவாக மூன்று இதழ் விசிறியும், பாரத்துடன் விரைவில் சறுக்கு நிலைக்கு ஏறுவதற்கும் அலைநீரில் பிடிப்புக்கும் நான்கு இதழ் விசிறியும் விரும்பப்படுகின்றன. இதழின் ஓரத்தில் ஏற்பட்ட சிறு நெளிவுகூட அதிர்வையும் வேக இழப்பையும் உண்டாக்கும்.

விசிறி மிக விரைவாகச் சுழலும்போது இதழின் முதுகுப்புறத்தில் அழுத்தம் வெகுவாகத் தாழ்ந்து, நீர் அங்கேயே ஆவிக்குமிழிகளாக மாறும். இக்குமிழிகள் உடைந்து நொறுங்கும்போது உந்துவிசை குறைவதுடன் உலோகமும் அரிக்கப்படுகின்றது. சார்லஸ் பார்சன்ஸ் 1894இல் நீரில் இறக்கிய நீராவிச் சுழலிக் கப்பலான 'டர்பினியா' இச்சிக்கலால் எதிர்பார்த்த வேகத்தை எட்டவில்லை. மூன்று அச்சுகளில் அச்சுக்கு மூன்றாக ஒன்பது விசிறிகளைப் பொருத்திச் சுமையைப் பகிர்ந்தபின், 1897இல் ஸ்பிட்ஹெட் கடற்படை அணிவகுப்பில் 34 நாட் வேகத்தில் அது ஓடிக் காட்டியது. இது மணிக்கு ஏறத்தாழ 63 கிமீ ஆகும். திறன் போதிய அளவு இருந்தும் விசிறி பொருந்தாவிடில் வேகம் கிடைக்காது என்பதற்கு இது வரலாற்றுச் சான்றாகும்.

இயந்திரத்தின் உயரமும் சாய்வும்

வெளியிணைப்பு இயந்திரத்தில் விசிறிக்குச் சற்று மேலே கிடைமட்டமான ஒரு தகடு உண்டு. மேற்பரப்பிலிருந்து காற்று விசிறிக்குள் இழுக்கப்படாமல் இது தடுக்கின்றது. பொதுவாக இத்தகடு படகின் அடிமட்டத்துக்கு நேராக அமையுமாறு இயந்திரம் பொருத்தப்படும். இயந்திரம் மிகத் தாழ்வாக இருந்தால் அதன் நீரடிப் பகுதியே நீரைக் கிழித்துக்கொண்டு வீண்தடையை உண்டாக்கும். சிறிது சிறிதாக உயர்த்தும்போது தடை குறைந்து வேகம் கூடும். அளவுமீறி உயர்த்தினால் விசிறி காற்றை உறிஞ்சிப் பிடிப்பிழக்கும். இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீர் நுழையும் துளையும் நீருக்கு வெளியே வந்துவிடக்கூடும். ஆகவே உயரத்தை மாற்றிய பின்னர் குளிர்நீரின் அழுத்தத்தையும் இயந்திரத்தின் வெப்பத்தையும் கவனித்தல் இன்றியமையாதது.

இயந்திரத்தின் சாய்வை ஓட்டும்போதே மாற்றும் வசதி பெரும்பாலான இயந்திரங்களில் உள்ளது. இது டிரிம் எனப்படும். கீழ்ப்பகுதியைப் படகை நோக்கி உள்ளே இழுத்தால் அணியம் தாழும். வெளியே தள்ளினால் அணியம் உயரும். புறப்படும்போது சாய்வை உள்ளே இழுத்து வைப்பதால் படகு விரைவில் சறுக்கு நிலைக்கு ஏறும். ஏறிய பின்னர் சாய்வைச் சிறிது சிறிதாக வெளியே விட்டால், அணியம் உயர்ந்து நனைந்த பரப்பு குறையும். சுழற்சியும் வேகமும் கூடும். சறுக்குப் படகின் அடிப்பகுதி நீர்ப்பரப்போடு ஏறத்தாழ 3 முதல் 5 பாகை வரை சாய்ந்திருப்பது தடை குறைந்த நிலையாகும். அளவுமீறினால் அணியம் ஏறியிறங்கித் துள்ளும், அல்லது விசிறி பிடிப்பிழந்து இயந்திரம் வீணே சுழலும். அவ்வேளை சாய்வை மீண்டும் சற்று உள்ளே இழுத்தல் போதுமானது.

ஒரே படகை ஒரே இயந்திரத்துடன் இருவர் ஓட்டும்போது வேகம் வேறுபடுவதற்குப் பெரும்பாலும் இச்சாய்வே காரணம்.

இயந்திரத்தின் நலம்

இயந்திரம் தன் பெயர்ப்பலகையில் உள்ள திறனை உண்மையில் தருகின்றதா என்பதையும் உறுதிசெய்ய வேண்டும். முடுக்கிக் கம்பி முழுதும் திறக்காதிருத்தல், தேய்ந்த தீப்பொறிச் செருகி, அடைபட்ட எரிபொருள் வடிகட்டி, நீர் கலந்த அல்லது நாட்பட்ட பெட்ரோல் ஆகியவை திறனைக் குறைக்கும். கடல்மட்டத்திலிருந்து உயரே உள்ள ஏரிகளில் காற்றின் அடர்த்தி குறைவு. அதனால் மிகையூட்டம் இல்லாத இயந்திரம், ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ 3 விழுக்காடு திறனை இழக்கும். மலை ஏரிகளில் குறைந்த புரியிடைத் தொலைவுள்ள விசிறி பயன்படுத்தப்படுவது இதனாலேயே.

வேகத்தை அளத்தல்

எந்த மாற்றம் பயன் தந்தது என்பதை அறிய, ஒரே வேளையில் ஒரு மாற்றத்தை மட்டும் செய்து அளத்தல் வேண்டும். படகில் உள்ள பழைய வகை வேகமானி நீரின் அழுத்தத்தைக் கொண்டு காட்டுவதாதலால் பிழைபடக்கூடும். செயற்கைக்கோள் வழி இடங்காணும் கருவி நம்பத்தக்கது. ஆயினும் அது நிலத்தைச் சார்ந்த வேகத்தையே காட்டும். எனவே நீரோட்டத்தின் திசையில் ஒருமுறையும் அதற்கெதிராக ஒருமுறையும் ஓட்டிச் சராசரி காண்பது முறை. ஒவ்வோர் ஓட்டத்துக்கும் ஆட்களின் எண்ணிக்கை, எரிபொருளின் அளவு, இயந்திரச் சுழற்சி, காற்றின் நிலை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டால் ஒப்பீடு எளிதாகும்.

பாதுகாப்பு எல்லைகள்

படகுக்கு வண்டியைப் போல் தடுப்பு விசை இல்லை. வேகத்தின் இருமடிக்கு ஏற்ப இயக்க ஆற்றல் பெருகுவதால், மணிக்கு 60 கிமீ வேகத்திலிருந்து 75 கிமீ வேகத்துக்குச் செல்லும் படகின் மோதல் ஆற்றல் ஒன்றரை மடங்குக்கும் மேலாகின்றது. வேகம் மிகும்போது படகு நீரைத் தொடும் பரப்பு சுருங்கி, படகு வலமும் இடமும் மாறிமாறிச் சாயத் தொடங்குவதும் உண்டு. இந்த ஆட்டத்தை அடக்க ஓட்டுநர் கைச்சக்கரத்தை மாறிமாறித் திருப்பினால் அது மேலும் பெருகிப் படகு கவிழக்கூடும். வேகத்தை மெல்லக் குறைப்பதே சரியான செயல்.

ஐக்கிய அமெரிக்காவில், 20 அடிக்குக் குறைந்த நீளமுள்ள ஓருடல் வெளியிணைப்பு இயந்திரப் படகுகளில், தாங்கக்கூடிய ஆட்களின் எண்ணிக்கையுடன் உச்ச இயந்திரத் திறனையும் குறிக்கும் தகடு பொருத்தப்பட்டிருக்க வேண்டும். இவ்வளவு படகின் நீளத்தையும் பின்பலகையின் அகலத்தையும் கொண்டு கணக்கிடப்படுகின்றது. இதனை மீறி இயந்திரம் பொருத்தினால் பின்பலகை விரிசல் காண்பதும் படகு கட்டுக்கடங்காமல் போவதும் நேரலாம். காப்பீட்டு உரிமையும் கேள்விக்குள்ளாகலாம்.

மற்றொரு முக்கியமான காப்பு, இயந்திரத்தை நிறுத்தும் கயிறாகும். ஒரு முனை ஓட்டுநரின் உடலோடும் மறுமுனை நிறுத்து விசையோடும் இணைக்கப்பட்டிருக்கும். ஓட்டுநர் நீரில் வீழ்ந்தால் கயிறு விசையை இழுத்து இயந்திரத்தை நிறுத்திவிடும். இது இல்லாவிடில் ஆளற்ற படகு வட்டமிட்டுத் திரும்பி, நீரில் கிடப்பவர் மீதே ஏறக்கூடும். ஐக்கிய அமெரிக்காவில், 26 அடிக்குக் குறைந்த படகுகள் சறுக்கு நிலையிலோ நீர்ப்பெயர்ச்சி நிலைக்கு மேற்பட்ட வேகத்திலோ செல்லும்போது இதனைப் பயன்படுத்துவது 2021 ஏப்ரல் 1 முதல் கூட்டரசுச் சட்டத்தால் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. மூடிய அறைக்குள்ளிருந்து ஓட்டப்படும் படகுகளுக்கு விலக்கு உண்டு.

நீரில் மிகுவேகம் எத்தகையது என்பதை வேகச் சாதனைகளின் வரலாறு காட்டுகின்றது. ஹென்றி சீகிரேவ் 1930இல் விண்டர்மியர் ஏரியிலும், ஜான் காப் 1952இல் நெஸ் ஏரியிலும், டொனால்ட் கேம்ப்பெல் 1967 ஜனவரி 4ஆம் நாள் கோனிஸ்டன் ஏரியிலும் சாதனை முயற்சிகளில் உயிரிழந்தனர். கேம்ப்பெல்லின் 'புளூபேர்டு கே7' படகு மணிக்கு 480 கிமீ வேகத்தைத் தாண்டிய ஓட்டத்தில் அணியம் மேலெழுந்து பின்புறமாகக் கவிழ்ந்தது. 1978 அக்டோபர் 8ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் புளோவரிங் அணைக்கட்டு நீரில் கென் வார்பி நிறுவிய மணிக்கு 511 கிமீ சாதனை இன்றளவும் முறியடிக்கப்படவில்லை. அப்படகை அவர் தம் வீட்டுக் கொல்லையில் கட்டியிருந்தார்.

பொழுதுபோக்குப் படகுகள் இவ்வேகங்களுக்கு வெகு கீழேயே ஓடுகின்றன. எனினும் படகை நீரிலிருந்து உயர்த்தி விரைவாக்கும் அதே விசைதான், அளவுமீறும்போது அதனைக் கவிழ்க்கவும் செய்கின்றது என்னும் உண்மை இரண்டுக்கும் பொதுவானது. அடிப்பகுதியைத் தூய்மையாக்கி, வீண்எடையை நீக்கி, விசிறியையும் உயரத்தையும் சாய்வையும் பொருத்தமாக அமைத்த பின்னர் கிடைக்கும் வேகமே அப்படகின் இயல்பான வேகமாகும். அதற்குமேலும் வேகம் வேண்டுமாயின், பெரிய இயந்திரத்தைப் பொருத்துவதினும் அவ்வேகத்துக்கென்றே வடிவமைக்கப்பட்ட வேறொரு படகைத் தேர்வதே தக்கது.